செல்லோவில் இல்லாத சுரம்

குட்டி அனுப்பிய ஃபைலில் ஒரு தப்புகூட இல்லை.

நோட்ஸ் மூன்று முறை பார்த்துவிட்டான். எண்பத்து நான்கு பார், அதாவது தாளக் கட்டம். முதல் வயலினில் தொடங்கி டபுள் பேஸ் வரை வரிவரியாக இறங்கினான். சுரங்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. பார் பிரிக்கும் கோடுகள் விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தன. எங்கே வில்லை இழுக்க வேண்டும், எங்கே விரலால் சுண்ட வேண்டும் என்பதுகூட எழுத்தில் வந்திருந்தது. பேன் பார்ப்பதுபோல் பார்த்தான். ஒன்றும் சிக்கவில்லை.

வயிறு எரிந்தது.

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவனை நோட்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாக அவன் வேலை ஒன்றுதான். இசையமைப்பாளரின் கணினியில் பிறக்கும் இசையை, வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கிற காகிதமாக மாற்றிக் கொடுப்பான். இசையமைப்பாளரைச் சார் என்பார்கள். சாரின் அறைக்கு அடுத்த அறை அவனுடையது. ஒரு மேசை, ஒரு பெரிய திரை, ஒரு பிரிண்டர், ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி.

குட்டி அவன் மனைவியின் தம்பி. வயது முப்பத்து நான்கு. ஆறடி உயரம். கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், வாசல் நிலை தலையில் இடிக்கிற வயதிலும் விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் மனைவி நச்சரித்து, நோட்ஸே அவனைக் கூட்டிவந்து சாரிடம் சேர்த்துவிட்டான். சார் வாயால் முணுமுணுப்பார். குட்டி அதைக் கீபோர்டில் வாசித்து, கணினியில் இருபத்தாறு பேர் வாசிப்பதுபோல் ஆக்கிக் காட்டுவான். சார் கண்ணை மூடிக் கேட்பார்.

நோட்ஸுக்கு அந்தக் கண்மூடல்தான் ஆகாது. அவன் எழுதிய பக்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் கண்ணை மூடி ரசித்ததில்லை. மூடினால் பக்கம் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஆனாலும் ஆறு வருடம் ஓடியதற்குக் காரணம், குட்டியின் மென்பொருளுக்கும் அவன் மென்பொருளுக்கும் இருந்த பகை. குட்டியுடையது காதுக்காகச் செய்தது. இவனுடையது கண்ணுக்காக. இரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி. பேசிக்கொள்ளும், ஆனால் ஒன்று சொன்னது மற்றதற்குப் புரியாது.

கணினி வயலின் கொஞ்சம் தாமதமாகத்தான் குரல் எழுப்பும். அதனால் குட்டி எல்லாச் சுரங்களையும் ஒரு இமைநேரம் முன்னால் தள்ளி வைப்பான். காதுக்குச் சரியாக இருக்கும். காகிதத்துக்கு வந்தால் ஒவ்வொரு சுரமும் முந்தைய பாரின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை கீ ஸ்விட்ச். கீபோர்டின் இடதுகோடியில் சில கட்டைகள் உண்டு. அவற்றை அழுத்தினால் சத்தம் வராது. ‘இனிமேல் வில் வேண்டாம், விரலால் சுண்டு’ என்று கணினிக்குக் கட்டளை போகும். காகிதத்துக்கு அது கட்டளை என்று எப்படித் தெரியும்? அதையும் சுரம் என்று எழுதிவைக்கும். ஐந்து கோட்டுக்குக் கீழே ஒன்பது துணைக்கோடு இறங்கி, கிணற்றுக்குள் விழுந்தவன் மாதிரி ஒரு சுரம் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

இவற்றையெல்லாம் களையெடுப்பதுதான் நோட்ஸின் பிழைப்பு. மூன்று நிமிட இசைக்கு ஒன்றரை நாள். களையெடுத்துக்கொண்டே திட்டுவான். சார் காதில் விழும்படி திட்டுவான். “நோட்ஸ் இல்லன்னா நாம நாறிப்போயிருப்போம்” என்று சார் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அது போதுமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் குட்டி ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

“மாமா, என் ஃபைல்ல என்னென்ன தொல்லைன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“எதுக்கு? கேட்டா அழுவே.”

“பரவால்ல. சொல்லுங்க.”

நோட்ஸ் சொன்னான். ஆசைதீரச் சொன்னான். பதினேழு குறை வந்தது. குட்டி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான். நடுவில் இரண்டு தடவை “ச்சே, இது எனக்குத் தோணவே இல்ல” என்றான். நோட்ஸ் அன்று சாயங்காலம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். குட்டி மன்னிப்புக் கேட்டதாக நினைத்துக்கொண்டான்.

மன்னிப்பு இல்லை. குட்டி பதினேழையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தான். இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் ஒரு வழி கட்டினான். கட்டளைகள் சுரமாக வராமல் எழுத்தாக வரும்படி, முன்னால் தள்ளியவை தானாகப் பின்னால் போய் உட்காரும்படி. போன வாரம் ஒரு சோதனை ஃபைல் அனுப்பினான். எட்டுக் குறை தீர்ந்திருந்தது. கீ ஸ்விட்ச் தீரவில்லை. நோட்ஸ் அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டான்.

திங்கட்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சாரும் குட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து நிமிடம். நோட்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான். வார்த்தை புரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை சார் கூப்பிட்டார்.

“நோட்ஸ், சனிக்கிழமை ரெக்கார்டிங்குக்குக் குட்டி ஃபைல்ல நீங்க கை வைக்காதீங்க. அப்படியே பிரிண்ட் எடுங்க. பாப்போம்.”

“கை வைக்காமயா சார்?”

“சரியா வந்துச்சுன்னா உங்களுக்கும் நிம்மதி. நீங்க வீட்டுலயே இருக்கலாம். தேவைப்பட்டா கூப்பிடறேன். உங்க ரூமைப் பாடுறவங்களுக்கு ரெக்கார்டிங் பூத்தா மாத்திடலாம்னு இருக்கேன். சுவரெல்லாம் நல்லா கனமா இருக்கு.”

தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று நாற்பத்தேழு வயதில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுவர் கனம் இல்லை என்று சொல்ல நினைத்தான். சொன்னால், நீங்கள் ஒட்டுக்கேட்டீர்களா என்று ஆகும்.

இன்று புதன்கிழமை. ஃபைல் வந்துவிட்டது. பதினேழும் தீர்ந்திருந்தது. கூடவே ஒரு செய்தி: ‘மாமா, இனி உங்களுக்கு வேலை மிச்சம்.’ பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

வீட்டுக்குப் போனால் மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டே கைபேசியில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு விநாடியில் தெரிந்துவிட்டது. அதே எண்பத்து நான்கு பார்.

“தம்பி அனுப்பினான். கேளுங்களேன். என்னமா வாசிச்சிருக்கான்.”

“அவன் எங்க வாசிச்சான்? கம்ப்யூட்டர் வாசிச்சுது.”

“அப்ப நீங்க எழுதுறது? பிரிண்டர் எழுதுதா?”

அவன் சட்டையைக் கழற்றப் போனான். அவள் விடவில்லை.

“மூணு வாரமா ராப்பகலா உக்காந்திருக்கான், மாமாவுக்குக் கண்ணு கெட்டுப்போகுதுன்னு. ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னா என்ன, வாய்ல இருந்து முத்தா கொட்டிடும்?”

“நல்லா இருக்கு.”

“பல்லைக் கடிச்சிட்டுச் சொல்றதுக்கு சொல்லாமலே இருக்கலாம்.”

பெரிய வயலின் மாதிரியான செல்லோ சுண்டும் இடம் வந்தது. அவள் கத்தியை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

இவளுமா, என்று நினைத்தான்.

வியாழக்கிழமை காலை நோட்ஸ் அறைக்கதவைச் சாத்தினான். குட்டியின் ஃபைலைத் திறந்தான். போன வாரத்துச் சோதனை ஃபைலையும் திறந்தான். செல்லோ வரியில் நாற்பதாவது பாரிலிருந்து நாற்பத்தேழாவது பார் வரை அழித்தான். சோதனை ஃபைலிலிருந்து அதே எட்டு பாரை எடுத்து அங்கே ஒட்டினான். கிணற்றுக்குள் விழுந்த சுரங்கள் மூன்று எட்டிப் பார்த்தன.

கை தவறி நடந்தது என்று சொல்ல ஆசைதான். கை தவறவில்லை. ஒட்டிய பிறகு இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சார் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறார். அதனால் தப்பு வந்தால் அது குட்டியின் வழியில் வந்த தப்பு. யாரும் இவனைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும், ‘இதுக்குத்தான் ஒரு மனுஷன் வேணும்’ என்றுதான் பார்ப்பார்கள். ஒரு சில்லறைத் தப்பு. ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். யாருக்கும் உயிர் போகாது.

பிரிண்ட் எடுத்தான். செல்லோவுக்கு மட்டும் இரண்டு தரம் எடுத்தான். கெட்ட பக்கங்கள் ஒரு செட், குட்டி அனுப்பியபடியே நல்ல பக்கங்கள் ஒரு செட். நல்லதைத் தன் தோள்பைக்குள் வைத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. இருபத்தாறு பேர். பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை. சார் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹாலின் ஒலிப்பதிவாளர் இடதுபக்கம். வலதுபக்கம் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவர் எல்லா வாத்தியத்தின் வரிகளும் அடுக்கிய முழு ஸ்கோரையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் எங்கே தப்பு வாசித்தாலும் பார் எண்ணைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாக அது நோட்ஸின் நாற்காலி. இன்றைக்குச் சார், “குட்டி, நீ இங்க வா” என்றார். குட்டி ஒருமுறை மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

“உக்காரு மாப்ள, நாற்காலி கடிக்காது,” என்றான் நோட்ஸ். பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். தோள்பையைக் கழற்றவில்லை.

முதல் முப்பத்தொன்பது பார் தண்ணீர் மாதிரி ஓடியது. சார் தலையை ஆட்டினார். குட்டியின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. அந்த முதுகைப் பார்த்தபோது நோட்ஸுக்குக் கொஞ்சம் இருந்த பயமும் போய்விட்டது.

நாற்பதில் செல்லோக்கள் தடுமாறின. நான்கு செல்லோ, காகிதம் வைக்கிற ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். முன்வரிசையில் செல்லோ அக்கா. அறுபது வயதாகிறது, சாரைவிடப் பெரியவள், சாரே அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் வில்லைத் தூக்கிவிட்டாள். எல்லோரும் நின்றார்கள்.

“என்னக்கா?” சார் மைக்கில் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். நாப்பதாவது பார்ல ஒரு சுரம் போட்டிருக்கு. அது என் செல்லோல இல்ல. வேணும்னா தரையத் தோண்டிப் பாக்கறேன்.”

ஹால் சிரித்தது. பின்னால் இருந்த டபுள் பேஸ்காரர் எட்டிப் பார்த்தார். “என்கிட்டயும் இல்லக்கா. பூமி அதிர்ந்தா ஒருவேளை கேக்கும்.”

“நாப்பத்திரெண்டுல இன்னொண்ணு. நாப்பத்தாறுல இன்னொண்ணு,” என்றாள் அக்கா. “குடும்பத்தோட குடிவந்திருக்கு.”

சார் சிரிக்கவில்லை. மெதுவாக வலதுபக்கம் திரும்பினார். குட்டி எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குள் போனான். செல்லோ அக்காவின் ஸ்டாண்டைக் குனிந்து பார்த்தான். நோட்ஸ் கண்ணாடி வழியாக அந்தக் குனிந்த தலையைப் பார்த்தான். குட்டி சாதாரணமாகப் பார்க்க வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு நிமிர்ந்து மைக் அருகே வந்தான்.

“என் தப்புதான் சார். கீ ஸ்விட்ச் வந்துருச்சு. எக்ஸ்போர்ட் பண்றப்ப செட்டிங்கை விட்டுட்டேன்.”

இருபத்தாறு பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சார் நெற்றியைத் தேய்த்தார்.

“நோட்ஸ், எவ்வளவு நேரம் ஆகும்?”

“அஞ்சு நிமிஷம் சார்.”

பக்கத்து அறைக்குப் போனான். அங்கே ஒரு பிரிண்டர் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, வெறுமனே உறும விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் உட்கார்ந்தான். பையிலிருந்து நல்ல பக்கங்களை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஓடிவந்தது நன்றாக இருந்தது. மூச்சுகூடக் கொஞ்சம் வாங்கினான். குட்டி கெட்ட பக்கங்களை ஸ்டாண்டுகளிலிருந்து எடுத்து வைத்திருந்தான். நல்லதைப் போட்டார்கள். நாற்பதிலிருந்து மறுபடி. செல்லோக்கள் சுண்டின. அழகாக இருந்தது.

“இதுக்குத்தான் ஒரு மனுஷன் வேணும்னு சொல்றது,” என்றார் சார், வார்த்தை பிசகாமல். “நீங்க வாங்க நோட்ஸ். இங்க உக்காருங்க.”

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. குட்டி உட்கார்ந்திருந்த சூடு. நோட்ஸ் ஸ்கோரை மடியில் விரித்தான். ஐம்பத்தொன்றில் இரண்டாவது வயலின் நழுவியதைச் சொன்னான். ஐம்பத்தாறில் வியோலா ஒன்று முந்தியதைச் சொன்னான். சார் இரண்டு முறை “ம்” என்றார். பதினைந்து வருடத்தில் இத்தனை இனிப்பான “ம்” கேட்டதில்லை.

பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை விட்டார்கள்.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் குட்டி நின்றிருந்தான். கையில் மடித்த காகிதம்.

“மாமா.”

“ம்.”

“நாப்பத்திமூணாவது பார்ல ஜி சுரம் இருக்கு.”

“இருந்தா என்ன?”

“திங்கக்கிழமை சார் அதை எஃப் ஆக்கிட்டாரு. பாடிக் காட்டுறேன்னு ஆரம்பிச்சாரு, தொண்டை கட்டிட்டுத் தவளை மாதிரி வந்துச்சு. நானும் பதிலுக்குத் தவளை மாதிரி பாடினேன். அன்னிக்கு முழுக்க அதையே சொல்லிச் சிரிச்சோம்.” குட்டி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். “என் ஃபைல்ல எஃப். சோதனை ஃபைல்லதான் ஜி.”

நோட்ஸ் தண்ணீர் பிடித்தான். டம்ளர் நிரம்பி வழிந்த பிறகுதான் குழாயை மூட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. பத்து நிமிடச் சிரிப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் ஒரு சுரம் மாறியது தெரியாமல் போய்விட்டது.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“ஸ்டாண்டுல பாத்த உடனே.”

“அப்பறம் எதுக்கு உன் தப்புன்னு சொன்னே?”

“தெரியல மாமா. திரும்பிப் பாத்தா நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கறீங்க. மூஞ்சில ரத்தமே இல்ல. வாயில அதுதான் வந்துச்சு.”

திட்டுவான் என்று நோட்ஸ் காத்திருந்தான். குட்டி திட்டவில்லை. காகிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

“வீட்டுல அக்காகிட்ட சொல்லமாட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.” தோளில் ஒரு தட்டுத் தட்டினான். “டீ ஆறிடும், வாங்க.”

போய்விட்டான். அந்தத் தட்டு தோளிலேயே இருந்தது.

நோட்ஸ் தண்ணீரைக் குடித்தான். இனி நடக்கப்போவது வரிசையாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி சாப்பிட வருவான். எதிரே உட்காருவான். மனைவி பரிமாறுவாள். இவன் எதையாவது சொல்லிக் குட்டியைக் குத்துவான். குட்டி பதில் சொல்லாமல் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் நாற்பத்து மூன்றாவது பார் இருக்கும். முப்பது வருடம் சொல்லாமலே இருப்பான். எட்டாவது வருடம் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும். சொல்லமாட்டான். அவன் அப்படிப்பட்டவன்.

காது அவனுக்கு. சாரின் சிரிப்பு அவனுக்கு. சொந்த மனைவியின் மூடிய கண் அவனுக்கு. இப்போது நல்லவன் என்ற பேரையும் அவனுக்கே எழுதி வைப்பதா?

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குள் போனான். சார் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் ஏதோ குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். குட்டி கையில் தேநீரோடு சுவரோரம் நின்றான், காலையில் நோட்ஸ் நின்ற அதே இடத்தில்.

“சார், குட்டியோட ஃபைல் சரியாத்தான் இருந்துச்சு. அந்த எட்டு பாரை நான்தான் பழைய ஃபைல்லேர்ந்து எடுத்து ஒட்டினேன்.”

“மாமா,” என்றான் குட்டி.

“தெரியாமயா?” சார் கேட்டார்.

“தெரிஞ்சுதான்.”

ஒலிப்பதிவாளர் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

“எதுக்கு?”

“வயித்தெரிச்சல் சார்.”

சார் வாயிலிருந்த பிஸ்கட்டை மென்று முடித்தார். “அவன் தன் தப்புன்னு சொன்னானே?”

“பொய் சொன்னான் சார்,” என்றான் நோட்ஸ். அதைச் சொல்லும்போது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா? அங்க இருபத்தாறு பேர் உக்காந்திருக்காங்கய்யா, எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க.” கையைத் தட்டித் துகளை உதறினார். “நோட்ஸ், நீங்க வெளிய உக்காருங்க. திங்கக்கிழமை ரூம் சாவியைக் கொடுத்துடுங்க. குட்டி, நீ வா. ஸ்கோரைப் பாரு.”

“சார், மாமாவே இருக்கட்டும். எனக்கு முழு ஸ்கோர் ஓடுறப்பவே படிக்க…”

“உன்னைக் கேக்கல.”

வெளியே கட்டுப்பாட்டு அறையின் கதவுக்கு எதிரே ஒரு பெஞ்ச் இருந்தது. கதவில் கையளவு கண்ணாடி. நோட்ஸ் உட்கார்ந்தான். முடிந்தது என்று நினைத்தான். நினைத்த அளவு வலிக்கவில்லை. குட்டிக்கு இனி தோளில் தட்ட ஒன்றும் இல்லை. அது ஒரு லாபம்.

உள்ளே மறுபடி ஆரம்பித்தார்கள். கதவு கனம்தான், ஆனாலும் டபுள் பேஸ் கசிந்தது. அது போதும். தப்புத் தேடித் தேடி அந்த எண்பத்து நான்கு பாரும் அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. விரலால் தொடையில் எண்ணிக்கொண்டே எழுந்து கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

குட்டி ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு வரி வந்தால் அப்படித்தான். முதல் பக்கத்தை இரண்டு பார் தாமதமாகப் புரட்டினான். நோட்ஸ் எண்ணினான். சரியாக இரண்டு. அடுத்ததை மூன்று பார் தாமதமாக. அதற்கடுத்ததில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. குட்டிக்கு அது தெரியவில்லை. மேலும் கீழும் தேடினான். சார் திரும்பி எதையோ கேட்டார், உதட்டில் படித்தால் ‘எந்த பார்?’

குட்டி ஒரு தாளைப் பின்னால் தள்ளினான், இன்னொன்றை முன்னால் தள்ளினான். பிறகு தலையைத் தூக்கி, நேராகக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தான்.

ஐம்பத்தெட்டு, என்று நோட்ஸின் தொடை சொன்னது.

அவன் அசையவில்லை. ஐம்பத்தொன்பது. குட்டியின் முகத்தில் ஆறு வருடமாக இல்லாத ஒன்று இருந்தது. அறுபது. சாரும் குட்டி பார்க்கும் திசையில் திரும்பிப் பார்த்தார். அறுபத்தொன்று. மெதுவான தாளம், ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. நோட்ஸ் ஒவ்வொன்றையும் நிதானமாக எண்ணி அனுபவித்தான்.

பிறகு கையைத் தூக்கினான். ஒரு கையில் ஐந்து விரல், மறுகையில் ஒன்று. அப்புறம் இரண்டு. அறுபத்திரண்டு.

குட்டி தாளைப் பிரித்தான். சரியான பக்கம். விரலை வைத்துச் சாரிடம் சொன்னான். சார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

நோட்ஸ் இரண்டு கைகளையும் அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணிக்கப் போனான். சட்டையில் ஒரு பைதான் இருந்தது. ஒரு கை வெளியிலேயே நின்றது. அறுபத்தாறில் அடுத்த பக்கம் வரும்.